அவருக்கு அது ஜுரம்தான்

அண்ணி,

சனிக்கிழமை காலை மாம்பழக் கூழ் டின் ஒன்றைத் திறந்தேன். இங்கே நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. டின்னின் பின்பக்கம் பொடி எழுத்தில் சித்தூர் மாவட்டம் என்று போட்டிருந்தது. மூடியை நெம்பியதும் எழுந்தது வெந்த பழத்தின் வாசனை. சர்க்கரை அடிபிடிப்பதற்குச் சற்று முன்னால் வருமே, அந்தக் கனத்த இனிப்பு. ஜூன் மாதச் சாயங்காலங்களில் நீங்கள் ஃபாக்டரி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் புடவையிலிருந்து வந்த வாசனை. ஸ்பூனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, கெட்டுப்போயிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் ஃபோன் செய்த அன்று எனக்கு அழக்கூட வரவில்லை. டிக்கெட் பார்த்தேன், லீவு எழுதினேன், வந்தேன், காரியம் முடிந்து திரும்பினேன். வந்தவர்கள் எல்லோரும் உங்கள் கைச்சமையலைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசினார்கள். அது பொய்யில்லை. ஆனால் நீங்கள் செய்த பெரிய காரியம் அது இல்லை. அது என்ன என்று அங்கே முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், நானும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொன்னால் நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் மருமகளாக வந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நைனா கரண்டு ஆபீசில் லைன்மேன். நாகலாபுரத்துப் பக்கம் பிறந்து, வேலைக்காகச் சித்தூரில் வீடு பிடித்தவர். வீட்டில் தமிழ், கம்பத்தின்மேல் தெலுங்கு, இரண்டிலும் ஒரே வேகம். எந்த ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்கு என்ன நம்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். நீங்கள் பங்காருபாளையம். உங்கள் அம்மா மாந்தோப்பில் கூலி வேலை, அப்பா ஊராருக்கு ஆடு மேய்த்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அச்சடித்ததுபோல் கையெழுத்து.

அந்தக் கையெழுத்துதான் உங்களுக்கு வேலை கொடுத்தது. வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாடு கதவைத் திறந்துவிட்ட வருடங்கள் அவை. சித்தூரைச் சுற்றியிருந்த கூழ் ஃபாக்டரிகளுக்குக் கப்பல் ஆர்டர்கள் வரத் தொடங்கின. சீசனில் பழம் பொறுக்கப் போன உங்களை ஒரு வருடத்தில் ரிஜிஸ்டரில் உட்கார வைத்தார்கள். கூழ் எத்தனை டிகிரியில் வேகிறது என்று அரை மணிக்கு ஒரு முறை பார்த்து, மணியும் சூடும் எழுத வேண்டும். ஒரு முறை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்ததை வீட்டில் வந்து சொன்னீர்கள்.

"வெள்ளக்காரன் மொதல்ல பழத்த பாக்கல பாப்பா. என் நோட்டத்தான் கேட்டான். எந்த எடத்துல சூடு மாறிச்சின்னு வெரல வெச்சி வெச்சி பாத்தான்."

அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். அதன் அர்த்தம்தான் எனக்குப் புரியவில்லை.

ஊரே அப்போது கிளம்பிக்கொண்டிருந்தது. வயர்மேன்களும் டிரைவர்களும் வளைகுடாவுக்கு, கம்ப்யூட்டர் படித்தவர்கள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும். கல்யாணமான மூன்றாவது வருடம் அண்ணன் குவைத்துக்குப் போனார். நான் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி உயிர்வேதியியல் படிக்கப் போனேன். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து, சந்திரகிரி, பூதலப்பட்டு தாண்டி வீடு வந்து சேர்ந்தால் நீங்களும் நைனாவும் மட்டும் இருப்பீர்கள். அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். மறதி தொடங்கியிருந்தது. சாவி எங்கே, இன்று என்ன கிழமை, அந்த மாதிரிச் சின்ன மறதிகள். சித்தூர் டாக்டர் வயசாகிவிட்டது என்றார். பிறகு திருப்பதியில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் அதற்கு அல்சைமர் என்று பெயர் சொன்னார்.

முதல் காய்ச்சல் ஒரு மழைக்காலத்தில் வந்தது. நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் படுத்தார், எழுந்தார். எழுந்த மறுநாள் பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று தெலுங்கில் நலம் விசாரித்தார். நைனா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பி, "இந்தம்மா இன்னா சொல்லுது?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நீங்கள் சிரித்தீர்களாம். முப்பது வருடம் பேசிய தெலுங்கு அந்த ஒரு வாரத்தில் போய்விட்டது.

அடுத்தது காலில் புண், சீழ், காய்ச்சல். அது ஆறியபின் அவருக்கு முடிச்சுப் போட வரவில்லை. கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் கயிறு கட்டிய மனிதர், வேட்டியை இடுப்பில் செருகத் தெரியாமல் நின்றார். அதற்கடுத்து வயிற்றுப்போக்கோடு ஒரு காய்ச்சல். அது விட்டபின் தெருமுனைக் கடையிலிருந்து வீடு திரும்ப வழி தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் நீளமான ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் எதிரில் விரித்தீர்கள். ஃபாக்டரியில் எழுதுவதைப் போலவே கட்டம் போட்டிருந்தீர்கள். தினமும் காலை அவருடைய உடம்புச் சூடு. காய்ச்சல் வந்த நாள், விட்ட நாள். கடைசிக் கட்டத்தில், விட்டபின் அவரிடமிருந்து என்ன போயிற்று என்று. 'தெலுங்கு', 'முடிச்சு', 'கடை வழி' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தீர்கள்.

"நீ படிக்கிறியே, இத்த கொஞ்சம் பாரு பாப்பா. சும்மா நாள்ல மாமாவுக்கு ஒண்ணும் பெருசா மாறல. ஜொரம் வந்துட்டு போவுது பாரு, அப்பத்தான் ஒரு படி எறங்கறாரு. அப்பால அந்தப் படிய ஏறறதே இல்ல."

"அது தற்செயல் அண்ணி. நோய் இருக்கு, அது பாட்டுக்கு முத்திக்கினு போவுது. ஒடம்பு ஜுரத்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் கெடையாது."

"எப்பிடி இல்லன்ற?"

"ரத்தத்துல இருக்கறதெல்லாம் மூளைக்குள்ள போவாது. நடுவுல வேலி மாதிரி ஒண்ணு இருக்கு. எங்க புக்குலயே போட்டிருக்கு."

நீங்கள் நோட்டின்மேல் விரலை வைத்தபடி கேட்டீர்கள். "வேலி கீதுன்னா ஆடு பூந்துடாதா?"

"இது ஆடு மேய்க்கிற வெவகாரம் இல்ல அண்ணி," என்றேன்.

உங்கள் அப்பாவின் தொழில் எனக்கு நினைவு வருவதற்குள் வார்த்தை வாயை விட்டுப் போயிருந்தது. நீங்கள் நோட்டை மூடினீர்கள். அடுப்பிலிருந்த தோசையை எடுத்துவந்து என் தட்டில் வைத்தீர்கள். "துன்னு. ஆறிடும்," என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நோட்டை என்னிடம் காட்டவே இல்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

என் படிப்பு முடிந்தது. அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது, விசாவும் வந்தது. கிளம்ப மூன்று வாரம் இருந்தபோதுதான் அந்தக் காலை.

நைனா கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, "லைன் ஆஃப் பண்ணு! டேய், லைன் ஆஃப் பண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார். கூரையில் கம்பிகள் எரிவதாகக் கையைக் காட்டினார். இறக்கப் போன உங்களைத் தள்ளியதில் உங்கள் நெற்றி கதவு நிலையில் மோதிப் புடைத்தது. என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, ஷாக் அடிக்கும், தள்ளிப் போ!" என்றார். அதற்கு முந்தின நாள்வரை என் பெயர் அவரிடம் இருந்தது.

தெருவில் ஒருவர் காத்து கருப்பு என்றார், இன்னொருவர் மந்திரிக்க ஆள் சொன்னார். குவைத்திலிருந்து அண்ணன் ஃபோனில் உடைந்துபோய்ப் பேசினார். "திருப்பதில ஏதோ வயசானவங்க ஹோம் கீதாம். அங்க சேத்துடுங்க. அவ ஒண்டியா எத்தினி நாளுக்கு இன்னா செய்வா?" அவரும் உங்களை நினைத்துத்தான் சொன்னார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவரை எங்காவது சேர்த்துவிட்டால் நான் நிம்மதியாக விமானம் ஏறலாம் என்றும் நினைத்தேன்.

கார் வைத்துத் திருப்பதிக்குக் கூட்டிப் போனோம். வழியெல்லாம் நீங்கள் அவர் இரண்டு கைகளையும் உங்கள் மடியில் பிடித்து வைத்திருந்தீர்கள். ஸ்பெஷலிஸ்ட் அவரைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், காய்ச்சல் இல்லை என்று குறித்துக்கொண்டார். நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும் என்று தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். தூங்க மாத்திரை எழுதினார். ஹோம் பற்றி நான் கேட்டதும் அதற்கும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்.

"சார், யூரின் டெஸ்டு ஒண்ணு எழுதிக் குடுங்க," என்றீர்கள் நீங்கள்.

"ஜ்வரம் லேது கதம்மா," என்றார் அவர், நிமிராமலே. ஜுரம்தான் இல்லையே, எதற்கு என்பதுபோல.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெரிய டாக்டர், கசங்கிய புடவை, நெற்றியில் வீக்கம், கையில் அந்த நோட்டு. நான் உங்கள் முழங்கையைப் பிடித்து, "வாங்க அண்ணி, போலாம். அவருக்குத் தெரியாதா?" என்றேன்.

நீங்கள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டீர்கள். கோபமே இல்லாமல், ஒட்டிக்கொண்ட பழச்சதையை எடுப்பதுபோல. பிறகு மேசைமேல் நோட்டை விரித்து அவரிடம் பேசினீர்கள். பேசியது தெலுங்கில். என் காதில் அது எப்போதும் நம் வீட்டுப் பேச்சாகத்தான் கேட்கிறது.

"உங்களுக்கு நூறு தாண்டினாத்தான் சார் ஜொரம். இவருக்கு தெனமும் காத்தால தொண்ணூத்தேழு, அதுக்கு மேல போவாது. மூணு வருஷமா எழுதிக்கினு கீறேன், பாருங்க. நேத்து தொண்ணூத்தெட்டரை. இன்னிக்கி தொண்ணூத்தொம்போதே கால். உங்க புக்குக்கு அது ஜொரம் இல்ல. அவருக்கு அது ஜொரம்தான். முந்தாநாள்லேர்ந்து வேட்டியும் வேற மாதிரி நாறுது. அத்த தோய்க்கறவ நானு."

அந்த டாக்டரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் பேனாவை வைத்துவிட்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம் புரட்டினார். கடைசிக் கட்டத்தில் தமிழில் எழுதியிருந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஹோமுக்கு எழுதிய கடிதத்தை நாலாக மடித்துக் கூடையில் போட்டுவிட்டுப் பரிசோதனைக்கு எழுதினார்.

மத்தியானம் ரிசல்ட் வந்தது. சிறுநீரில் சீழ் நிறைந்திருந்தது. கிருமி ரத்தத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது. வயதானவர்களுக்குச் சில நேரம் உடம்பு அவ்வளவாகச் சுடாது, மூளைதான் முதலில் கலங்கும் என்று அவரே எங்களுக்கு விளக்கினார். அன்றே சேர்த்துக்கொண்டு கையில் டிரிப் ஏற்றினார்கள். பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார். உங்கள் வதினகாரு காப்பாற்றிவிட்டார்." வதினகாரு என்று அவர் சொன்னது உங்களைத்தான் அண்ணி.

இரண்டு நாள் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் கத்துவது நின்றது. நான்காம் நாள் காலை நான் இட்லிப் பொட்டலத்தோடு வார்டுக்குள் வந்தேன். நைனா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொன்னார். "ஹாஸ்டல்லேர்ந்து எப்ப வந்த? எதுனா துன்னியா?" என்று கேட்டார். பக்கத்தில் ஊசியோடு நின்ற நர்ஸிடம் உங்களைக் காட்டி, "இது என் மருமவ," என்றார்.

நீங்கள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள். நான் பின்னால் வந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றீர்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்தேன். "முகத்த கழுவிக்கினு வரேன், நீ அவருக்கு இட்லி ஊட்டு," என்றீர்கள். நான் ஊட்டப் போனேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

எல்லாமே திரும்பிவிடவில்லை. தெலுங்கு வரவில்லை. சட்டைப் பொத்தான் போடத் தெரிந்ததும் அந்தத் தடவையோடு போயிற்று. ஆனால் நான் கிளம்பும்வரை பதினெட்டு நாள் எனக்கு என் நைனா இருந்தார். அமெரிக்காவில் கரண்டு எத்தனை வோல்ட் என்று கேட்டார். நூற்றுப் பத்து என்றேன். "அதான் அங்க யாரும் சாவறதில்ல போல," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நீங்கள் கொடுத்தது அண்ணி.

ஹோம் பற்றி அண்ணன் மறுபடி பேச்செடுத்தபோது ஃபோனில் நீங்கள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அங்க இருக்கறவங்களுக்கு அவரு எப்பவும் எப்பிடி இருப்பாருன்னு எப்பிடித் தெரியும்? எனுக்குத் தெரியும்." அந்த வருடம் ஃபாக்டரியில் உங்களை சூப்பர்வைசர் ஆக்குவதாக இருந்தார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் கழித்துத்தான் தெரிந்தது. "சீசன் எங்க போவுது, அடுத்த வருஷமும் வரும்," என்று சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டீர்கள். பிறகு நீங்கள் அந்த வேனில் ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு நைனா ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடமும் நீங்கள் காய்ச்சலை வாசலிலேயே நிறுத்தினீர்கள். ஆட்டம் கண்ட பற்களைப் பிடுங்க வைத்தீர்கள். சாப்பிட்டபின் ஈறுகளைத் துணியால் துடைத்தீர்கள். டம்ளருக்கு ஒரு கோடு போட்டு, இன்று எத்தனை தண்ணீர் உள்ளே போயிற்று என்று பார்த்தீர்கள். புரை ஏறாமல் இருக்க நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்டினீர்கள். முதுகில் தோல் சிவந்தால் அன்றே பார்த்தீர்கள். சளி பிடித்தவர் யார் வந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், வாசலோடு அனுப்பினீர்கள். பெரியப்பா ஒரு முறை கோபித்துக்கொண்டு போய் ஒரு வருடம் பேசவில்லை. "பேசாம இருந்தா இருக்கட்டும். இருமாம இருந்தா சரி," என்றீர்களாம்.

நைனா இறங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தடதடவென்று படி தவறி விழவில்லை. மெதுவாக, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு காலை கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். நீங்கள்தான் எனக்கு ஃபோன் செய்தீர்கள். "ஜொரம் இல்ல பாப்பா. ஜொரமே இல்லாம போனாரு," என்றீர்கள். அழுகைக்கு நடுவிலும் ஒரு வேலையைச் சரியாக முடித்தவரின் குரல் அது.

அவர் போன மறு வருடம் எங்கள் லேபில் ஒரு கூட்டம். வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெண் பேசினார். மூளைக்குள் மைக்ரோகிளியா என்று காவல் செல்கள் இருக்கின்றன. குப்பை கூட்டுவதும் கிருமியை எதிர்ப்பதும் அவற்றின் வேலை. வயதாகி, நோயின் கசடு படியப் படிய, அவை எப்போதும் எரிச்சலில் இருக்கும் காவல்காரனைப்போல ஆகிவிடுகின்றன. அந்த நேரத்தில் நெஞ்சிலோ சிறுநீர்ப் பையிலோ கிருமி புகுந்தால் போதும். கிருமி மூளைவரை போக வேண்டியதில்லை. அதை எதிர்த்து உடம்பு ரத்தத்தில் அனுப்பும் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. சேதி கேட்டு எழும் காவல் செல்கள் அடங்கத் தெரியாமல், நல்ல நரம்பு இணைப்புகளையும் சேர்த்து அழிக்கின்றன. கிருமி செத்தபிறகும் அந்தச் சேதம் அப்படியே நிற்கிறது.

அந்தப் பெண் திரையில் ஒரு படம் போட்டார். ஒரு கோடு சமமாகப் போய், சட்டென்று ஒரு படி இறங்கி, மறுபடி சமமாகப் போய், மறுபடி இறங்கியது. இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஓர் அம்புக்குறி, தொற்று என்று. பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இந்தப் படத்தை ஒரு சனிக்கிழமை தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒருவர் விரித்துக் காட்டியிருந்தார்.

அன்றிலிருந்து அதுவே என் வேலை ஆனது. பிறகு வந்த ஆராய்ச்சிகள், இந்த நோய்க்கு வழிவிடும் மரபணுக்களில் பல அந்தக் காவல் செல்களிலேயே வேலை செய்பவை என்று காட்டின. நோய் எதிர்ப்பு சக்தி கெடுவது இந்த நோயின் விளைவு மட்டுமல்ல, அதை முன்னுக்குத் தள்ளும் கைகளில் ஒன்று என்று இப்போது பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதுவே முழுக் கதை என்று நான் சொல்லமாட்டேன். எங்கே தொடங்குகிறது என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. காய்ச்சலே வராதவர்களுக்கும் மறதி வருகிறது. ஆனால் வேலி என்று நான் சொன்னேனே, அது நான் நினைத்த மாதிரி வேலி இல்லை அண்ணி.

அந்தக் கூட்டம் நடந்த வாரமே உங்களுக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அன்றைக்கு நீங்க சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, பேசின பேச்சும் தப்பு என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"அத்த தெரிஞ்சிக்கினு வரதுக்கா அம்மாம் தூரம் போன?" என்றீர்கள்.

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது.

"சரி, அதுக்கு மருந்து கீதா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"அப்ப அழுதுக்கினு கீறியே. போயி படி."

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது முதல் வேலையாக அந்த நோட்டைக் கேட்டேன். எத்தனை வருடப் பதிவு அது, எப்படிப்பட்ட பதிவு! கண்ணாடி போட்டு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பழைய பேப்பர்காரனுக்கு போட்டுட்டேனே பாப்பா," என்றீர்கள். நான் அதிர்ந்துபோனதைப் பார்த்து உங்களுக்கு ஆச்சரியம். "மாமாவே போயிட்டாரு, அது எதுக்கு? உனுக்குத்தான் தெரிஞ்சிபோச்சே." எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது யோசித்தால் நீங்கள் சொன்னதில் குறையொன்றும் இல்லை. நீங்கள் பெயர் வாங்குவதற்காக எழுதவில்லை. ஒரு மனிதர் மறுநாளும் தன் மருமகளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று எழுதினீர்கள். அந்த மனிதர் போனதும் நோட்டின் வேலை முடிந்தது.

நீங்கள் போகும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். பத்து வருடங்களுக்கு முன் குவைத்தை விட்டுத் திரும்பிய அவர், உங்களுக்குத் தினமும் சூடு பார்த்து எழுத ஆளில்லாமல் போயிற்றே என்று சின்னப் பிள்ளைபோல அழுதார். இதற்கு அது உதவியிருக்காது என்று சொன்னேன். அது உண்மைதான். அவர் அழுததும் நியாயம்தான்.

இப்போது என் வேலையில் பாதி லேபில், பாதி மறதி நோய் மருத்துவமனையில், டாக்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. போன மாதம் ஒரு குடும்பம் வந்தது. வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். எண்பது வயதுப் பெரியவர், மகன், மருமகள். மகன் நன்றாகப் படித்தவர். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். மருமகள் பெரியவரின் மேல்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு முறை, உடைந்த ஆங்கிலத்தில், "குளிர்காலத்துக்கு முன்னால் இவர் இப்படி இல்லை, அந்த இருமலுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்தார். மகன் மனைவியின் கையை மெல்லத் தொட்டு, "டாக்டர்களுக்குத் தெரியும்," என்றார். மகனின் முகத்தில் கோபமில்லை. கொஞ்சம் வெட்கம் மட்டும் இருந்தது. அந்த வெட்கத்தை நான் நன்றாக அறிவேன்.

"ஒரு நிமிடம், அவங்க சொல்லட்டும்," என்றேன்.

மொழிபெயர்க்க ஒருவரை வரவழைத்தேன். மகனை நோக்கியிருந்த என் நாற்காலியைத் திருப்பி அந்தப் பெண்ணுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். "இவர் நன்றாக இருக்கும் நாளில் எப்படி இருப்பார்? அதிலிருந்து தொடங்குங்கள்," என்று கேட்டேன். அவர் முதலில் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் சொன்னார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை அண்ணி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

உங்கள்
பாப்பா